யாழ்ப்பாணத்தில் ரெண்டு பேராக வெளியில் சாப்பிடுவது

கேட்டவர் கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்து நல்லூர்ப் பக்கம் வாடகைக்கு இருப்பவர். கலியாணம் முடிந்து இன்னும் ஒரு வருசம் ஆகவில்லை. அவருக்கு நண்டு, கணவாய் என்றால் உயிர். மனைவி செவ்வாயும் வெள்ளியும் சைவம். இணையத்தில் நட்சத்திரம் பார்த்துப் போன கடைகள் எல்லாம் ஏமாற்றமாம். "யாழ்ப்பாணச் சாப்பாடு என்று கொழும்பில் அப்படிப் பேசுகிறார்கள், இங்கே வந்து பார்த்தால் பிரைட் ரைஸும் டெவில் கோழியும்தான். நாங்கள் ரெண்டு பேரும் எங்கே போய்ச் சாப்பிடுவது? வருகிற திருமண நாளுக்கு எங்கே போகலாம்?" இதுதான் கேள்வி.

நானும் மனுசியும் ரெண்டு பேருமே வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகள் வெளியூரில், அதனால் எங்களுக்கு வெளிச் சாப்பாடு என்பது விசேசம் இல்லை, வாரத்தில் அடிக்கடி நடப்பது. எந்தக் கடை என்று கேட்கிறீர்கள். நான் முதலில் கேட்பது எத்தனை மணிக்குப் போனீர்கள் என்றுதான். இந்த ஊரில் அநேகமான கடைகளுக்கு ஒரு நேரம் இருக்கிறது, அந்த நேரத்துக்கென்று ஒரு சாப்பாடும் இருக்கிறது, அதைத் தவறவிட்டால் எவ்வளவு பேர்போன கடையும் கைவிடும். மெனு அட்டையில் எழுபது சாப்பாடு இருக்கும், உண்மையில் அன்றைக்குக் குசினியில் மனம் வைத்துச் சமைத்தது ஆறோ ஏழோதான்.

இதற்குக் காரணம் பழையது. யாழ்ப்பாணச் சாப்பாடு என்று பேர் எடுத்தது வீட்டுக் குசினிச் சாப்பாடு. கச்சேரிக்கும் (அரச செயலகத்துக்கும்) கோட்டுக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் அலுவலாகப் பட்டணம் வந்த ஆட்கள், கடை முதலாளிகள், தனியாக அறை எடுத்து இருந்த உத்தியோகத்தர், இவர்களுக்காகத்தான் கடைகள் இருந்தன. புருசனும் பெண்சாதியுமாகப் போய் ஒரு மேசையில் எதிரெதிராக இருந்து சாப்பிடுவது என் அம்மா காலத்தில் நினைத்தும் பார்க்காத விசயம். (எல்லா ஆம்பிளைகளுக்கும் கடைக்குள் இடம் இருந்தது என்றும் நினைக்க வேண்டாம். சாதி பார்த்துக் கடைக்குள் விடாமல் மறிப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் வந்தது, ஆனாலும் அறுபதுகளில் இங்கே தேத்தண்ணிக் கடைக்குள் போய் இருந்து குடிப்பதற்கே போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. இன்றைக்குப் பழைய கடைகளைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.) குடும்பமாக வெளியே சாப்பிடும் பழக்கம் பரவலானது போர் முடிந்த பிறகுதான். ஏ9 பாதை திறந்து, 2014 ஒக்டோபரில் ரயிலும் மறுபடி யாழ்ப்பாணம் வரை வந்ததும் தெற்கிலிருந்து சனம் வரத் தொடங்கியது, வெளிநாட்டிலிருந்து நம்முடைய ஆட்களும் விடுமுறைக்கு வந்து குவிந்தார்கள், ஏசி போட்ட கடைகள் வரிசையாக முளைத்தன. அவர்கள் கேட்டதைக் கடைக்காரர் சமைத்தார்கள். பிரைட் ரைஸ் வந்த வழி அது.

சரி, மத்தியானத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் கடையில் சாப்பிடுவதற்கு மிக நல்ல நேரம் பன்னிரண்டேகாலிலிருந்து ஒன்றரைக்குள். பஸ் நிலையத்தைச் சுற்றி, கஸ்தூரியார் வீதி, ஆஸ்பத்திரி வீதி, ஸ்ரான்லி வீதிப் பக்கமெல்லாம் பலகையில் எண்ணெய் படிந்த, பார்வைக்கு ஒன்றுமில்லாத மச்சக் கடைகள், அதாவது மீன், இறைச்சி போடும் கடைகள், இருக்கின்றன. உள்ளே போனதும் மெனு கேட்காதீர்கள். "அண்ணை, இண்டைக்கு என்ன கறி?" என்று கேளுங்கள். நாங்கள் வழக்கமாகப் போகும் கடையில் பரிமாறுகிற ஐயா மூச்சு விடாமல் சொல்வார்: "விளைமீன் இருக்கு, கணவாய் இருக்கு, ஆட்டிறைச்சி இருக்கு, இறால் இப்பதான் முடிஞ்சுது, திருக்கை வறை கொஞ்சம் கிடக்கு, வைக்கட்டோ?" திருக்கை வறை கொஞ்சம் கிடக்கிறது என்று ஒருவர் தானாகச் சொன்னால் யோசிக்காமல் வை என்று சொல்லிவிட வேண்டும். அது மெனுவில் இருக்காது. அவித்து உதிர்த்த மீனைத் தேங்காய்ப்பூ, மஞ்சள், வெங்காயத்தோடு வறுத்தது, அன்றைக்குத் திருக்கை மலிவாக வந்ததால் செய்தது. சிவப்பரிசிச் சோறு வேண்டுமா வெள்ளைச் சோறு வேண்டுமா என்றும் கேட்பார்கள், சிவப்பைக் கேளுங்கள். சோறும் மரக்கறியும் திரும்பத் திரும்பப் போடுவார்கள். மீன் துண்டும் இறைச்சியும் மட்டும் கணக்கு.

இதே கடைக்கு இரண்டரை மணிக்குப் போனால் கத்தரிக்காய் பொரித்த கறி எண்ணெயில் மிதந்து கறுத்துப்போயிருக்கும், கீரை வாடிவிடும், மீன் குழம்பு திரும்பத் திரும்பச் சூடாக்கி உப்பு ஏறியிருக்கும். கடை கெட்டுப்போகவில்லை, சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். சனி, ஞாயிறில் எழும்பிப் பிந்தி ஆறுதலாக மூன்று மணிக்குச் சாப்பிடப் போகிற கொழும்புப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் நட்சத்திரம் குறைவாகத்தான் கொடுப்பீர்கள்.

மனுசிக்கு ஒரு பரீட்சை இருக்கிறது. புதுக் கடைக்குப் போனால் அவள் முதலில் சம்பலைத்தான் பார்ப்பாள். கறியில் தூளைக் கூட்டிப் போட்டு எதையும் மறைக்கலாம், சம்பலில் மறைக்க முடியாது. காலையில் திருவிய தேங்காய்ப்பூ என்றால் விரலால் அமர்த்தும்போது பால் கசியும், செத்தல் மிளகாய் அங்கங்கே கண்ணுக்குத் தெரியும், வெங்காயம் பல்லில் படும். முதல் நாள் தேங்காய் என்றால் மூக்குக்கே தெரிந்துவிடும், அதை மறைக்கத்தான் தேசிக்காய்ப்புளியை அளவுக்கு மிஞ்சிப் பிழிந்திருப்பார்கள். அடுத்தது சொதி. இடியப்பத்துக்குக் கொண்டுவரும் பால் சொதி திரையாமல், மெல்லிய மஞ்சளாக, வெந்தயமும் கருவேப்பிலையும் மணக்க இருக்க வேண்டும். அடுப்பில் இருக்கும்போதே புளியை விட்டால் பால் திரைந்துவிடும், இறக்கி வைத்த பிறகுதான் தேசிக்காய் விட வேண்டும். அந்தப் பொறுமை இல்லாத குசினியில் மற்றதும் அப்படித்தான் நடக்கும் என்பது அவளுடைய தீர்ப்பு. எனக்கு இந்தப் பரீட்சையில் கொஞ்சம் சந்தேகம் உண்டு, ஏனென்றால் சம்பல் படுமோசமாகவும் ஆட்டிறைச்சிக் கறி அருமையாகவும் உள்ள ஒரு கடை எனக்குத் தெரியும். ஆனால் அங்கே நான் தனியாகத்தான் போகிறேன்.

சைவத்துக்கு இந்த ஊரில் கவலையே வேண்டாம், மனைவி உங்களைவிடக் குடுத்துவைத்தவர். பெரிய கடைப் பக்கம் மலாயன் கபேக்கு ஒருதரம் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தக் காலத்து மேசை, கண்ணாடி அலுமாரி, வாழையிலை. சாப்பிட்டு முடித்ததும் இலையை மடித்துக் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஓட்டைக்குள் நீங்களே போட வேண்டும், அது தெரியாமல் எழும்பி வந்தால் புது ஆள் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். காலமைத் தோசை, மத்தியானச் சோறு, பின்னேரம் வடை, தேத்தண்ணி. விலை மலிவு, கூட்டம் கூட, ரெண்டு பேர் தனியாகக் கதைத்துக்கொண்டு இருக்கிற இடம் இல்லை, எதிரே வேறு ஆட்கள் வந்து இருப்பார்கள். ஆறுதலாக இருந்து சைவம் சாப்பிட வேண்டுமென்றால் நல்லூர்க் கோயில் பக்கம் மாங்கோஸ் இருக்கிறது. இந்தியப் பாணித் தோசை, பூரி, மத்தியானம் சாப்பாடு. யாழ்ப்பாணத் தோசை வேறு சாமான், அதை அங்கே தேட வேண்டாம்.

நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் ஊரில் பாதிப்பேர் மச்சம் தொடமாட்டார்கள், வீட்டுக் குசினியோடு சேர்த்துச் சில மச்சக் கடைகளும் மாறிவிடும் அல்லது பூட்டிவிடும். நீங்கள் இருப்பது நல்லூர்ப் பக்கம், அந்த நாட்களில் உங்களுடைய நண்டு ஆசையை ஒத்தி வையுங்கள். சைவக் கடைகள் அந்த நேரம் தங்களுடைய மிகச் சிறந்த சாப்பாட்டைப் போடும், ஆனால் பின்னேரம் பூசை முடிந்து சனம் வெளியே வரும் நேரத்தில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

திருநெல்வேலியில் பலாலி வீதியில் அம்மாச்சி உணவகம். விவசாயத் திணைக்களத்தின் இடம், சமைப்பதும் விற்பதும் பெண்கள்தான், உங்கள் கண்முன்னே அப்பம் சுட்டுத் தருவார்கள். குரக்கன் புட்டு, இலைக்கஞ்சி, உழுந்து வடை, பழச்சாறு. நாங்கள் வேலை முடிந்து வரும் வழியில் இரவுச் சாப்பாட்டை அங்கேயே முடித்துவிட்டு வருவோம். வரிசையில் நின்று ஒவ்வொரு அக்காவிடமும் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும், ஏசி இல்லை, அலங்காரம் இல்லை. ஆனால் யாழ்ப்பாணச் சாப்பாடு எங்கே என்று கேட்டீர்களே, வீட்டுக்குக் கிட்டக் கடையில் கிடைப்பது இதுதான். பிந்திப் போனால் அப்பத்துக்கு மா முடிந்திருக்கும்.

இனி நண்டு. உங்களுடைய ஏமாற்றத்தில் பெரும் பங்கு இதுதான் என்று நினைக்கிறேன். கடலேரியிலும் பாக்கு நீரிணையிலும் பிடிபடும் நீலக்கால் நண்டில் நல்லது பெரும்பாலும் சதை எடுக்கும் தொழிற்சாலைகளுக்குப் போய், அங்கிருந்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிறது. மிச்சத்தில் பெரியது வீடுகளுக்கும் பெரிய ஹோட்டல்களுக்கும் போகும். சொல்லிவைக்காமல் இரவு எட்டு மணிக்குப் போய் "நண்டுக் கறி ஒண்டு" என்றால் என்ன வரும்? எங்களுக்கு வந்ததைச் சொல்கிறேன், கடையின் பெயர் வேண்டாம். வெளிச்சம் குறைந்த, பாட்டு மெல்லப் போகிற, துணி விரித்த மேசை. மெனுவில் நண்டுக்கு நேரே விலை இல்லை, "அன்றைய விலை" என்று மட்டும் இருந்தது. வந்தது ஐஸில் கிடந்து சதை நீராகிப்போன நண்டு, மேலே தக்காளிச் சோஸும் சீனியும் கலந்த ஒரு சிவப்புக் குழம்பு. மனுசி ஒரு காலை உடைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டாள். பில்லைப் பார்த்தபோதுதான் அன்றைய விலை எங்களுக்குத் தெரிந்தது.

நண்டுக்கு வழி என்னவென்றால், முதல் நாளே கடைக்குப் போய், அல்லது தெரிந்த இலக்கத்துக்கு எடுத்து, "நாளைக்கு மத்தியானம் ரெண்டு பேருக்கு நண்டு வேணும், ஊர்க் கறியா வையுங்கோ, முருங்கையிலை போடுங்கோ" என்று சொல்லிவைப்பது. சிறிய மச்சக் கடைக்காரர் கூட இதைச் செய்து தருவார்கள், குருநகரிலோ பண்ணையிலோ காலையில் சந்தைக்குப் போகிறவர் அவர்தானே. கிலோ என்ன விலை, கிலோவுக்கு எத்தனை நண்டு நிற்கும் என்று முதலே கேட்டுவிடுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நிலவு காலத்தில் நண்டு சூம்பியிருக்கும், இருட்டுக் காலத்தில்தான் சதைப்பிடிப்பு என்று கடற்கரையில் சொல்வார்கள். நாங்கள் பறுவத்தை (பௌர்ணமியை) ஒட்டிய நாட்களில் நண்டு சொல்வதில்லை. ஊர்க் கறி என்றால் வறுத்து அரைத்த கறித்தூள், பெருஞ்சீரகம், உள்ளி, மிளகு, தேங்காய்ப்பால், பழப்புளி, இறக்கும்போது ஒரு பிடி முருங்கையிலை. தக்காளி இருந்தாலும் தெரியாத அளவுக்குத்தான். சோறு வேண்டாம், புட்டுக் கேளுங்கள். நண்டோட்டுக்குள் ஒட்டியிருக்கும் குழம்பில் புட்டைப் போட்டுப் பிரட்டிச் சாப்பிடுவதற்காகத்தான் இவ்வளவு பாடும். அதனால்தான் துணி விரித்த மேசை நண்டுக்குச் சரிவராது என்கிறேன், முழங்கை வரை வழியும், சத்தம் போட்டு உறிஞ்ச வேண்டும், பக்கத்தில் ஒரு கழுவுதொட்டி இருக்க வேண்டும்.

கூழ் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் கொழும்பிலிருந்து வருகிற எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஒடியல் கூழ் ரெண்டு பேருக்குச் சமைக்கிற சாப்பாடே இல்லை. ஒடியல் மாவை, அதாவது காயவைத்த பனங்கிழங்கு மாவை, ஊறவைத்துக் கசப்பெடுக்க வேண்டும், மீன் தலை, நண்டு, இறால், கணவாய், மரவள்ளிக்கிழங்கு, பயிற்றங்காய், பலாக்கொட்டை, கீரை எல்லாம் ஒரு பெரிய பானையில் ஒன்றாக வேக வேண்டும், கால்வாசிப் பானையில் அந்தச் சுவை வராது. சில ஹோட்டல்கள் சிறிய கிண்ணத்தில் சூப் மாதிரித் தருகின்றன. குடிக்கலாம், வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது. உண்மையான கூழ் வேண்டுமென்றால் வேலையிடத்தில் யாழ்ப்பாணத்தவர் ஒருவரோடு சினேகமாகி, அவர்கள் வீட்டில் ஆட்கள் கூடும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருங்கள். பனையோலையில் மடித்த பிளாவில் ஊற்றித் தருவார்கள். கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

இரவுக்குக் கொத்து. கல்லில் தகடு தட்டும் சத்தம் கேட்கும் பக்கம் போகலாம், திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் பல்கலைக்கழகப் பிள்ளைகளை நம்பி நடக்கும் கடைகளில் அளவு கூட, விலை குறைவு. ரொட்டிக் கொத்து எங்கேயும் கிடைக்கும், இங்கே புட்டுக் கொத்தும் இடியப்பக் கொத்தும் கேளுங்கள், இரவில் வயிற்றுக்கும் லேசு. ஒரு கொத்தை ரெண்டு பேர் பகிரலாம், ரெண்டு கொத்து வாங்கினால் ஒன்றைப் பார்சல் கட்டித்தான் எடுத்துப் போவீர்கள். ஒன்பது மணி தாண்டினால் பட்டணம் அடங்கத் தொடங்கிவிடும், பிறகு ஓட்டோவுக்கு பிக்மி செயலியைத்தான் நம்ப வேண்டும். கேஎஃப்சி எல்லாம் காகில்ஸ் சதுக்கத்தில் இருக்கிறது, அது உங்களுக்குத் தெரியாததா.

ஐஸ்கிரீமுக்கு நல்லூரடியில் ரியோவும் அதை ஒட்டிய கடைகளும். இந்த ஊரில் சோடியாகப் போய் இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்காத இடம் அநேகமாக அது ஒன்றுதான், கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் என்று எல்லாரும் ஒரேயடியாக முடிவெடுத்துவிடுவார்கள். மற்றக் கடைகளில் நீங்கள் ரெண்டு பேரும் தனியாக இருந்தால் ஏதோ ஒரு மூலையில் தெரிந்த ஒருவர் இருப்பார், அடுத்த நாள் கந்தோரில் "நேற்று உங்களைக் கண்டனான், நல்லாச் சாப்பிட்டியள் போல" என்று வரும். அதைத் தவிர்க்கத்தான் சில கடைகளில் தடுப்பு வைத்த குடும்ப அறை. அதற்குள் இருந்தால் பரிமாறுகிறவர் எங்களை மறந்துவிடுகிறார் என்பது என் அனுபவம். எங்களுக்கு இந்த வயதில் பிரச்சினை இல்லை, பட்டப்பகலில் நடு மேசையில்தான் இருக்கிறோம்.

காசு விசயம் சுருக்கமாக. ஏசி போட்ட பெரிய இடங்களில் மெனு விலைக்கு மேலே 10 சதவீதம் சேவைக் கட்டணமும், 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதமாகிய வற் வரியும் சேரலாம். மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும், முதலே பாருங்கள், ஆயிரம் ரூபாய்ச் சாப்பாடு ஆயிரத்து முந்நூறுக்குக் கிட்டப் போய் நிற்கும். சின்னக் கடையில் இது எதுவும் இல்லை, அங்கே பரிமாறியவர் கையில் நேராக ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை திருக்கை வறை இருந்தால் கேட்காமலே சொல்வார்.

திருமண நாளுக்கு: மகாத்மா காந்தி வீதியில் ஜெட்விங் ஹோட்டல் இருக்கிறது. மேல் மாடியில் இருந்து பார்த்தால் கோட்டைப் பக்கமும் கடலேரியும் தெரியும், பொழுது படுவதற்கு முன்னமே போக வேண்டும். காசு கூடத்தான், அந்த இடத்துக்கும் காற்றுக்கும் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டால் மனம் ஆறும். பறுவ நாளாக இருந்தால் மதுபானம் கிடையாது, அதையும் கலண்டரில் பாருங்கள். நான் என்றால் இப்படிச் செய்வேன்: பின்னேரம் நல்லூர், இருட்டுவதற்கு முன் ஜெட்விங்குக்குப் போய் ஒரு தேத்தண்ணியோ குளிர்பானமோ, இரவு பெரிய சாப்பாடு எதுவும் சொல்லாமல் ஐஸ்கிரீமோடு வீடு. நண்டை மத்தியானத்துக்கு, முதல் நாளே சொல்லிவைத்த சின்னக் கடையில் முடித்துவிடுவேன். அந்த நாள் வெள்ளிக்கிழமையில் விழுந்தால் நண்டு வியாழக்கிழமை, வெள்ளி மத்தியானம் மலாயன் கபே. பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள்.